இட்லியா, முட்டையா, கொள்ளா? சங்ககிரிக் காலைத் தட்டின் புரதக் கணக்கு

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில், சங்ககிரிப் பக்கம் காலை ஏழு மணிக்கே லாரிகள் ஓரங்கட்டி நிற்கும். ஒரு கடையில் இட்லியும் பொங்கலும். அடுத்ததில் ஆம்லெட்டும் கலக்கியும். சற்றுத் தள்ளி, தள்ளுவண்டியில் கம்மங்கூழ். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞருக்கு இதில் சந்தேகமே இல்லை: புரதம் என்றால் முட்டைதான், இட்லி வெறும் மாவு. அவர் வீட்டுப் பெரியவரின் வாதம் வேறு: “எங்கப்பாரு கம்பும் கொள்ளும் தின்னுபோட்டுத்தான் நாளெல்லாம் ஏர் ஓட்டுனாரு.” இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்க்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் உண்ண வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் காலைப் பங்கு 15 முதல் 18 கிராம் வரை வரும்.

அளவு மட்டும் போதாது, தரமும் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. நம் உடல் பயன்படுத்தும் 20 வகைகளில் 9 வகைகளை உடலால் உருவாக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். இளம்பிள்ளைத் தறியில் ஊடைக்கு வேண்டிய நிறங்களில் ஒன்று தீர்ந்துவிட்டால், மற்ற நூல் எவ்வளவு இருந்தாலும் சேலை அத்தோடு நின்றுவிடும். உடலுக்குள் புரதம் உருவாவதும் அப்படித்தான். அரிசி, கம்பு, கேழ்வரகு போன்ற தானியங்களில் முதலில் தீர்ந்துபோகும் நிறம் லைசின். பருப்பு வகைகளில் லைசின் தாராளம், குறைவது மெத்தியோனின். அது தானியங்களில் ஓரளவு இருக்கிறது.

முட்டை

ஐம்பது கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வெள்ளைக்கருவில் பாதிக்குச் சற்று மேல், மீதி மஞ்சள் கருவில். ஆகவே மஞ்சளை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் உண்பவர் புரதத்தில் ஒரு பங்கையும், வைட்டமின் ஏ, டி, கோலின் ஆகியவற்றையும் சேர்த்தே எறிகிறார். ஒன்பது அமினோ அமிலங்களும் தேவையான விகிதத்தில் இருப்பதால் தரத்தில் முட்டைக்கு முதல் வரிசை. தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி12 இதில் உண்டு. நார்ச்சத்தும் வைட்டமின் சியும் துளியும் இல்லை.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 விழுக்காட்டை உடல் ஏற்பதாகவும், பச்சை முட்டையில் அது 51 விழுக்காடுதான் என்றும் காட்டியது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பவருக்குக் காசில் ஏறக்குறையப் பாதி வீண். சால்மோனெல்லாக் கிருமி வரும் ஆபத்து தனி. அரைவேக்காடான கொங்கு நாட்டுக் கலக்கியும் ஆஃப் பாயிலும் நாக்குக்கு நல்லவைதான். ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுக்க வெந்த முட்டையே சரி.

நாட்டுக்கோழி முட்டைக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். எடைக்கு எடை பார்த்தால் அதிலும் பண்ணை முட்டையிலும் புரதம் ஏறத்தாழ ஒன்றே. நாட்டு முட்டை சிறியது என்பதால் ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் குறைவு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் நிற அடர்த்தி தீவனத்தைப் பொறுத்தது.

சங்ககிரிக்குத் தென்கிழக்கே இருக்கும் நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் புறப்படுகின்றன. அந்த முட்டைப் புரதமும் வயலிலிருந்து வந்ததுதான். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். அதிலுள்ள 18 கிராம் அளவுப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கை முட்டையாகத் திருப்பித் தருகிறது. அளவில் இழப்பு இருந்தாலும் தரத்தில் வரவு.

இட்லி

ஓர் இட்லிக்குச் சுமார் 20 கிராம் அரிசியும் உளுந்தும் போகும். நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஊறப்போட்டால், 16 கிராம் அரிசியிலிருந்து 1.2 கிராம், 4 கிராம் உளுந்திலிருந்து 1 கிராம் என ஓர் இட்லிக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் புரதம். முட்டைக்கு ஈடாக மூன்று இட்லி வேண்டும். ‘வெறும் மாவு’ என்ற பட்டம் இந்த அளவை வைத்து வந்தது.

தரத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் தந்த அளவுகோல். அரிசிப் புரதத்தில் இருப்பது சுமார் 37, தேறவில்லை. உளுந்தில் சுமார் 66. இரண்டையும் ஆட்டிக் கலந்தபின் சராசரி 50ஐத் தொடுகிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள உளுந்து, மாவு முழுவதையும் தேறவைத்துவிடுகிறது. இட்லியில் தரக் குறைவு இல்லை, அளவுக் குறைவுதான். அதை அளவால்தான் சரிசெய்ய வேண்டும்.

சட்னியும் சாம்பாரும் இங்கே வேலைக்கு வருகின்றன. ஒருவர் பங்குச் சாம்பாரில் 15 கிராம் துவரம்பருப்பு கரைந்திருந்தால் 3 கிராம் புரதம் கூடும். தண்ணீராக ஓடும் சாம்பாரில் புளிக்கும் காரத்துக்கும் குறைவில்லை, புரதம் மட்டும் பேருக்குத்தான். 15 கிராம் பொட்டுக்கடலை சேர்ந்த சட்னியில் இன்னொரு 3 கிராம். நிலக்கடலைச் சட்னியிலும் அளவு ஏறும். ஆனால் நிலக்கடலைக்கும் அரிசியைப் போலவே லைசின் குறைவு. தானியத்தின் குறையை நிரப்பப் பொட்டுக்கடலையே பொருத்தம். தேங்காய்ச் சட்னியில் கொழுப்புதான் அதிகம்.

கொங்கு வீடுகளின் சந்தகை வேறு விஷயம். உளுந்தே சேராத அரிசி அது. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டால் வயிறு நிறையும், புரதம் சேராது.

கொள்ளு, கடலை, கூழ்

கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். முப்பது கிராம் கொள்ளைக் கடைந்து உண்டால் ஒரு முட்டைக்கு நிகரான அளவு வருகிறது, லைசினும் நிறைய. கூடவே முட்டையில் இல்லாத நார்ச்சத்து. ஆனால் பச்சைக் கொள்ளில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் அவற்றைக் குறைக்கும், நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் போய்விடும். கொள்ளை வேகவைத்த தண்ணீரை ரசமாக்கிவிட்டுப் பருப்பை ஒதுக்குபவர்கள் புரதத்தையும் ஒதுக்குகிறார்கள்.

ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலைப் பருப்பில் 7 கிராமுக்கு மேல் புரதம். சேர்ந்து வருவது சுமார் 170 கலோரி. மூட்டை தூக்குபவருக்கு அது வரவு. நாள் முழுக்க லாரி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது கிராம் கம்பு மாவில் 4 கிராம் புரதமும் நல்ல அளவு இரும்பும் உண்டு. லைசின் குறைவை நிரப்புவது கூழில் ஊற்றும் மோர். அதுவும் தண்ணீர் மோராக இல்லாமல் தயிராகவே கரைத்தால், 100 மில்லியில் 3 கிராம் கூடும். கேழ்வரகுக் கூழ் புரதத்தில் பின்தங்கினாலும் சுண்ணாம்புச்சத்தில் முந்தும். கூழோ கம்பு தோசையோ உண்ட கையோடு டீ குடித்தால், டீயிலுள்ள டானின் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, பாலில் 6 கிராமுக்கு மேல் உண்டு. கடை டீயில் விழும் பால் அதில் கால் பங்குதான்.

பள்ளித் தட்டில்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் தானியத்தோடு பருப்பு சேரும் இதே சேர்க்கையில்தான் நிற்கிறது. ரவை அல்லது அரிசியில் செய்த உப்புமா, கிச்சடி, பொங்கல். கூடவே காய்கறிச் சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியமும் சாம்பாருக்கு 15 கிராம் பருப்பும் ஒதுக்கீடு. இரண்டும் சேர்ந்து 7 முதல் 9 கிராம் புரதம். முட்டை மதிய உணவில் வந்துவிடுகிறது.

எதைத் தேர்வது?

நாலு இட்லி, பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பார், ஒரு வெந்த முட்டை: சுமார் 18 கிராம். முட்டை உண்ணாதவருக்கு அதே இட்லி, சாம்பாருடன் பொட்டுக்கடலைச் சட்னியும் அரைத் தம்ளர் பாலும்: ஏறக்குறைய அதே அளவு. கம்மங்கூழில் தயிர் கரைத்து, ஒரு கைப்பிடி நிலக்கடலைப் பருப்பையும் அவித்துச் சேர்த்தால் 14 கிராமுக்கு மேல். சந்தகை செய்யும் நாளில் ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசலையும் பக்கத்தில் வைக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவையும், சர்க்கரை நோயோ ரத்தத்தில் மிகைக் கொழுப்போ உள்ளவர்கள் முட்டை எண்ணிக்கையையும் மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

இளைஞர் முட்டையைச் சொன்னது தரத்தால் சரி. பெரியவர் கொள்ளைச் சொன்னது அளவால் சரி. இருவரும் விட்டது இட்லிச் சட்டியில் இருக்கிறது. அங்கே உளுந்தைக் குறைத்து மாவைப் பெருக்கினாலோ சாம்பாரில் பருப்பைக் குறைத்தாலோ முதலில் போவது புரதம்தான். வீட்டிலும் கடையிலும் மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்க்கலாம்.