மாடிப்படிக்கு அடியில் ஒரு பட்டறை: முதலில் வாங்கவேண்டியது கிரைண்டர் இல்லை!

மணவாள நகர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது இரும்போடு பழகியவர்களாக இருப்பார்கள். பக்கத்திலேயே மேல்நல்லாத்தூரில், ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்தி இப்போது கேட்டர்பில்லர் வசம் இருக்கும் கனரக இயந்திரத் தொழிற்சாலை. திருவள்ளூரைத் தாண்டினால் காக்களூர் தொழிற்பேட்டை. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பகலெல்லாம் கோடி ரூபாய் இயந்திரத்தை இயக்கிவிட்டு வருகிறவர், சொந்த வீட்டு கேட்டின் கீல் கழன்றால் வெல்டிங் கடைக்குப் போன் போடுகிறார்!

அவரைக் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலைகளில் இன்று பல வேலைகள் திரையிலும் பட்டனிலும் முடிந்துவிடுகின்றன. அரத்தைக் கையில் எடுக்கும் வாய்ப்பே குறைந்துவிட்டது. அதனால்தான் பலருக்கும், ரிட்டயர் ஆனவர்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை, வீட்டிலேயே சின்னதாக ஒரு பட்டறை வைத்துப் பார்க்கும் ஆசை வருகிறது. நல்ல ஆசை. சிக்கல் அடுத்த நிமிடத்தில்தான். மொபைலில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, முதல் ஆர்டராக ஆங்கிள் கிரைண்டரைப் போட்டுவிடுகிறார்கள்.

கிரைண்டர் கடைசியில் வரட்டும். முதலில் வரவேண்டியது ஒரு வைஸ். நாலு அங்குல பெஞ்ச் வைஸ் போதும். ஆடாத கனமான மேஜையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். நின்றபடி முழங்கையை மடக்கினால், வைஸின் மேல்தாடை முழங்கை உயரத்துக்கு வரவேண்டும். தாழ்ந்திருந்தால் இடுப்பு போய்விடும். உயர்ந்திருந்தால் தோள் வலிக்கும். வைஸுக்குப் பிறகு ஹாக்சா, இரண்டு அரங்கள், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், சென்டர் பஞ்ச், அரைக் கிலோ சுத்தியல், ஒரு டிரில் மெஷின். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடமே இதற்குத் தாராளம்.

அரம் சொல்லித்தரும் பாடம்

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். தொடக்க நாட்களில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, ‘நாலு பக்கமும் சமமா ராவு’ என்று விட்டுவிடுவார்கள். கை கொப்பளிக்கும், எரிச்சல் வரும். ஆனால் அந்த நாட்களில்தான் உள்ளங்கைக்கு இரும்பின் பாஷை புரிய ஆரம்பிக்கிறது.

அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னால் இழுக்கும்போதும் அழுத்தினால் பற்கள்தான் மழுங்கும். ராவுவதற்கு முன் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் இரும்புத் துகள் பற்களுக்குள் சிக்கிக்கொள்ளாது. சமமாக வந்திருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். மரப்பிடி போடாத அரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதன் கூர்மையான வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

ஹாக்சா பிளேடிலும் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. வெட்டுகிற இடத்தில் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது இரும்பின்மேல் இருக்கவேண்டும். மெல்லிய பைப்புக்கு அங்குலத்துக்கு 32 பல், பொதுவான வேலைக்கு 24, தடித்த கம்பிக்கு 18. கடையில் ‘பிளேடு கொடுங்க’ என்று மட்டும் கேட்டால் எது வருமோ தெரியாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று வீட்டில் முணுமுணுப்பவர்களுக்கு ஜி.டி.நாயுடுவின் கதையைச் சொல்லலாம். 1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், இளம்வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வண்டியை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி மாட்டினார். மின்சார ஷேவிங் ரேசர் வரை போன அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு அந்த மோட்டார் சைக்கிள்தான் பள்ளிக்கூடம். லண்டனில் 1898-லேயே இந்தப் பொழுதுபோக்குக்கென்று ‘மாடல் இன்ஜினியர்’ என்ற பத்திரிகை வர ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர், கரி அடுப்பில் பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்து வீட்டிலேயே லேத் செய்வது எப்படி என்று தொடர் புத்தகங்களே எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பழைய இரும்புக் கடை போதும்.

170 கிராம் இரும்பில் ஒரு கிளாம்ப்

முதல் வேலையாக ஒரு சின்ன கிளாம்ப் செய்துபாருங்கள். அளப்பது, அறுப்பது, ராவுவது, துளை போடுவது, மரை போடுவது என்று எல்லாமே இதில் வந்துவிடும். 12 மி.மீ. சதுரக் கம்பியில் 75 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள். மொத்தமே சுமார் 170 கிராம்தான். இரண்டின் முன்பக்கத்தையும் சாய்வாக ராவிக்கொள்ளுங்கள்.

மேல் துண்டின் நடுவில் 6.5 மி.மீ. துளை, எம்6 போல்ட் தடையில்லாமல் நுழையவேண்டும். கீழ்த் துண்டில் அதற்கு நேராக 5 மி.மீ. துளை போட்டு எம்6 மரை. பின்பக்கத்தில் அப்படியே தலைகீழ்: மேல் துண்டில் மரை, கீழ்த் துண்டில் போல்ட்டின் முனை உட்கார ஒரு சின்னக் குழி. நடு போல்ட் இரண்டையும் சேர்த்து இழுக்கும். பின் போல்ட் பின்பக்கத்தை விலக்கித் தள்ளும். அவ்வளவுதான், முன்பக்கம் முதலை வாய் மாதிரிக் கவ்விக்கொள்ளும்!

5 மி.மீ. எப்படி வந்தது? போல்ட்டின் விட்டத்திலிருந்து மரையின் இடைவெளியைக் கழிக்கவேண்டும். எம்6-க்கு இடைவெளி 1 மி.மீ., அதனால் 5. எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. மரை போடும் ‘டேப்’பை அரைச் சுற்று முன்னால் திருகினால் கால் சுற்று பின்னால் திருப்புங்கள், சீவல் ஒடிந்து விழும். ஒரு சொட்டு எண்ணெயும் விடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் டேப் உள்ளேயே ஒடியும். ஒடிந்த டேப்பை வெளியே எடுப்பதற்குள் புதுக் கிளாம்ப்பே செய்துவிடலாம்.

கண் முக்கியம்

இப்போது கிரைண்டர் வாங்கலாம். ஆனால் ஒரு கணக்கு: நாலு அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால் நடுவே நிற்பது கார்டு எனும் தகரமூடி மட்டும்தான். அதைத்தான் இடைஞ்சலாக இருக்கிறதென்று பலர் முதல் நாளே கழற்றிப் போடுகிறார்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுவது அதைவிட ஆபத்து. டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும். மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோல அதையும் பாருங்கள்.

டிரில் ஓடும்போது துணிக் கையுறை கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். சேலை முந்தானை, துப்பட்டா, லுங்கி எல்லாவற்றுக்கும் இதே விதி. ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப்பை மூடிய அறையில் வெல்டிங் வைக்காதீர்கள். துத்தநாகப் புகை நெஞ்சுக்குள் போனால் ராத்திரி குளிர்ஜுரம் வரும்.

கண்ணாடி போடாமல் ராவி, கண்ணில் துகள் விழுந்துவிட்டதா? கசக்கக் கூடாது. தாய்ப்பால் விடுவது, கைக்குட்டை நுனியால் எடுப்பது எல்லாம் வேண்டாம். இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டிக்கொண்டால் சுற்றிலும் துரு வளையம் பிடிக்க ஆரம்பித்துவிடும். ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று படுக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கருவிகள் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளடைவில் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெயே போதும்.

லேத்? ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மாதத்துக்கு இரண்டு புஷ் கடைய வேண்டுமென்றால் அதற்காக ஒரு மெஷின் வேண்டாம். இந்த வட்டாரத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? போகும்போது ஒரு தாளில் படம் வரைந்து, உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். ‘பார்த்துப் போட்டுக் கொடுங்கண்ணே’ என்று சொன்னால், அண்ணன் பார்த்துத்தான் போடுவார். அது உங்கள் ஷாஃப்ட்டில் நுழையாது.