புலிக்குட்டியைத் தூக்கி போட்டோ எடுக்க விடுறாங்களா? அப்போ அது சரணாலயமே இல்லை!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்கு வடகிழக்கே இருக்கும் சின்ன ஊர் கீன்ஸ்பர்க். இங்குள்ள ‘தி வைல்டு அனிமல் சாங்சுவரி’க்கு முதல்முறை போகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். புலிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி கிடையாது. குட்டியைத் தூக்க முடியாது. பால் புகட்ட முடியாது. சுமார் 2.4 கி.மீ. நீளமுள்ள உயரமான நடைபாலத்தில் நடந்தபடி, கீழே புல்வெளியில் படுத்திருக்கும் புலி, சிங்கங்களை எட்ட இருந்து பார்க்கலாம். அவ்வளவுதான்!

ஏன் மேலே இருந்து?

வேலி ஓரமாக ஆட்கள் வந்து நின்றால், தன் எல்லைக்குள் யாரோ நுழைவதாக நினைத்து விலங்கு பதறும். தலைக்கு மேலே நடப்பவர்களை அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பகலில் பெரும்பாலான நேரம் தூங்கும் என்பதால், காலையிலோ மாலையிலோ பைனாகுலருடன் போவது நல்லது.

இவை எங்கிருந்து வந்தன?

பேட் கிரெய்க் என்பவர் 1980-ல் தொடங்கிய இடம் இது. சர்க்கஸ், சாலையோர மிருகக்காட்சி, வீட்டுக் கூண்டு என மனிதர்களிடம் சிக்கியவைதான் இங்கே அதிகம். சர்க்கஸில் விலங்குகளைப் பயன்படுத்த பொலிவியா 2009-ல் தடை போட்டது. அங்கிருந்து மீட்கப்பட்ட 25 சிங்கங்கள் 2011-ல் விமானத்தில் இங்கு வந்து இறங்கின.

குட்டியைக் கொஞ்சினால் என்ன தப்பு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு புலிக்குட்டியைக் கொஞ்ச விடும் தொழில் பல வருடம் ஓடியது. அரசு வழிகாட்டுதல்படி, 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போதாது. 12 வாரம் தாண்டினால் ஆளுக்கு ஆபத்து. ஆக, ஒரு குட்டியால் வருமானம் வருவது வெறும் 4 வாரம். அடுத்த மாதத்துக்கு வேறு குட்டி வேண்டும். அதனால் பிறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பதும், தாயை மறுபடி மறுபடி ஈன வைப்பதும் தொடர்ந்தது.

வளர்ந்துவிட்ட புலி? அதற்கு தினமும் கிலோ கணக்கில் இறைச்சி வேண்டும், ஆனால் வருமானம் இல்லை. கூண்டில் அடைபடும், விற்கப்படும். அதிர்ஷ்டம் இருந்தால் சரணாலயம் வந்து சேரும். கூண்டில் ஒரு புலி சராசரியாக 15 முதல் 20 வருடம் வாழும். 4 வாரச் சம்பாத்தியத்துக்கு, அத்தனை வருடச் செலவு வேறு யாரோ தலையில்.

காட்டில் விட்டுவிடலாமே?

முடியாது. இவற்றுக்கு வேட்டையாடத் தெரியாது, மனிதர்களைக் கண்டு பயமும் இல்லை. சிலவற்றின் நகங்கள், விரல் நுனி எலும்போடு சேர்த்து வெட்டப்பட்டிருக்கும். ஆயுள் முழுக்க சரணாலயம்தான் வீடு.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 டிசம்பர் 20-ல் அமெரிக்காவில் பெரும்பூனைகள் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. சிங்கம், புலி, சிறுத்தை போன்றவற்றைச் செல்லப்பிராணியாக வாங்கி வளர்க்கவும், பொதுமக்கள் தொடவும் இனி அனுமதி இல்லை. ஆனால், எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், சுற்றுலாப் பயணிகள் புலிகளோடு படம் எடுத்துக்கொண்ட கோயிலில் 2016-ல் சோதனை நடந்தது. அங்கிருந்த ஃப்ரீசரில் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன.

உண்மையான சரணாலயமா, எப்படித் தெரிந்துகொள்வது?

டிக்கெட் எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் போதும்.

* விலங்குகளைத் தொட விடுகிறார்களா?
* அங்கேயே இனப்பெருக்கம் செய்ய வைக்கிறார்களா?
* விலங்குகளை வாங்கி விற்கிறார்களா?

ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் திரும்பி வந்துவிடலாம். ‘வருடம் முழுக்க குட்டிகள் இருக்கும், வாங்க’ என்று விளம்பரம் செய்தால், கேள்வியே கேட்க வேண்டாம். போன மாதக் குட்டிகள் எங்கே என்று மட்டும் யோசித்தால் போதும்.