சாலையும் சரீரமும் – 7: எண்ணிப் பார்த்த வைத்தியர்

1935ஆம் வருஷம் மே மாதம் 13ஆம் தேதி, இங்கிலாந்தின் டார்ஸெட் பிரதேசத்தில், பாவிங்டன் ராணுவ முகாமையடுத்த தபாலாபீஸில் ஒரு தந்தி கொடுத்துவிட்டு, சமீபத்திலிருந்த தம் குடிலுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார், அரேபிய லாரன்ஸ் என்று உலகமெல்லாம் கொண்டாடிய டி. இ. லாரன்ஸ். சாலை மேடும் பள்ளமுமாகப் போகும் ஓரிடத்தில் சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள் திடீரென்று கண்ணில் படவே, அவர்கள்மேல் மோதாதிருக்க வண்டியை ஒடித்தார். வண்டி கட்டுக்கடங்காமல் போய் அவரைத் தூக்கியெறிந்தது. நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் ப்ரஃப் என்பவர் தயாரித்த, அக்காலத்தில் ராஜவாகனமாகக் கருதப்பட்ட வண்டி அது. அதில் ஏறியவர் தலையிலோ கவசம் ஏதுமில்லை. பிரக்ஞையின்றி ஆறு நாட்கள் கிடந்து, 46ஆம் வயதில் காலமானார்.

அந்த ஆறு நாட்களில் வரவழைக்கப்பட்ட நிபுணர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற மேதையிடம் மூளை ரண சிகிச்சை பயின்று, பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர். லாரன்ஸின் மரணமே அவரைத் தலைக்கவச ஆராய்ச்சியில் இறக்கிற்று என்பார்கள். இருக்கலாம். ஆனால் பிரபலமானவர்களின் மரணத்தால் மனம் கலங்கியவர்கள் உலகில் ஏராளம். பெயர் தெரியாதவர்களின் மரணத்தை உட்கார்ந்து கணக்கெடுத்தவர்கள் சொற்பம். கெய்ர்ன்ஸ் அந்தச் சொற்பத்தில் சேர்ந்தவர் என்பதாலேயே இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

தலைக்கவசம் அவர் கண்டுபிடித்ததன்று. ப்ரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்து டாக்டர் எரிக் கார்ட்னர் 1914லேயே கான்வாஸையும் அரக்கையும் கொண்டு அதைச் செய்வித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆயினும் அது பந்தயக்காரனின் அலங்காரம், கடிதம் சுமந்து போகிற சிப்பாய்க்கு அது எதற்கு என்பதே பொதுஜன அபிப்பிராயமாயிருந்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி வீதி விளக்குகள் அணைக்கப்பட்டன, வண்டி விளக்குகளுக்கும் திரையிடப்பட்டது. அந்த அந்தகாரத்தில் ராணுவத் தூதர்கள் மோட்டார் சைக்கிளில் விரைந்தார்கள். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் மாண்ட மோட்டார் சைக்கிள்காரர்களும் அவர்கள் பின்னால் அமர்ந்து சென்றவர்களுமாகச் சேர்ந்து 2,279 பேர். 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ர்ன்ஸ் இந்தக் கணக்கை வெளியிட்டு, இம்மரணங்களுக்குப் பிரதான காரணம் தலைக்காயமே என்று காட்டினார். கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்களில் அவர் பார்த்தவர்கள் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

ஏழு பேரைக் கொண்டு ஒரு சித்தாந்தத்தை ஸ்தாபிக்க முடியாதுதான். ஆனாலும் மறுமாதமே ராணுவம், கடமையில் செல்லும் தூதர்கள் யாவரும் கவசம் அணியவேண்டும் என்று உத்தரவிட்டது. அதோடு கெய்ர்ன்ஸ் ஓய்ந்துவிடவில்லை. 1943ல், ஹோல்போர்ன் என்ற பௌதிக சாஸ்திரியுடன் சேர்ந்து, கவசத்துடன் விழுந்த 106 பேரின் விருத்தாந்தங்களை ஆராய்ந்தார். 1946ல், மாதவாரியான மரணத் தொகைகளை வரிசைப்படுத்தி, அந்த உத்தரவுக்குப் பின் அவை இறங்கிவந்ததைக் காட்டினார்.

ஹோல்போர்னின் பங்கும் லேசானதல்ல. கெட்டியான கபாலத்துக்குள் மூளை, உறைந்த தயிர்போல் நெகிழ்ந்து இருப்பதால், தலை சட்டென்று சுழலும்போது கபாலம் உடையாமலேகூட மூளை உள்ளே முறுக்குண்டு சேதமுறும் என்பதை அவர் ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு விளக்கினார். இன்றைய ஹெல்மெட்டின் மேலோடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற வெண்ணிறப் பொருள் நசுங்கி, தலை நிற்பதற்கு ஆகும் நேரத்தைக் கண நேரமாவது நீட்டிக்கிறது. நசுங்கியது மீண்டும் எழும்பாது; ஆகையால் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், மேலே கீறல்கூட இல்லாமல் மினுங்கினாலும், மறுமுறைக்கு உதவாது. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று நம்மவர்கள் அதையே துடைத்து மாட்டிக்கொள்வது எனக்குத் தெரியும்.

ராணுவத்துக்கு ஒரு மாதம் போதுமாயிருந்த விஷயத்துக்குப் பாராளுமன்றத்துக்கு 32 வருஷங்கள் வேண்டியிருந்தன. பிரிட்டனில் எல்லோருக்கும் கவசம் கட்டாயமானது 1973 ஜூனில்தான்; பாராளுமன்ற அங்கத்தினர் ஈனாக் பவல் முதலியோர், தன் உயிரைப் பற்றிய தீர்மானம் அவனவனுடையது என்று வாதிட்டு அதை எதிர்த்தார்கள். தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு 1976ல் விலக்களிக்கப்பட்டது. கெய்ர்ன்ஸ் இவற்றையெல்லாம் பார்க்க இருக்கவில்லை; 1952லேயே மறைந்துவிட்டார்.

நம் தேசத்தின் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவிலும் சீக்கியர்களுக்கு அதே விலக்கு உண்டு. அப்பிரிவு ஹெல்மெட் இன்னதென்று நிர்ணயிக்கையில், வாரினாலோ வேறு பிணைப்பினாலோ தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதையும் ஒரு லக்ஷணமாகச் சேர்த்திருக்கிறது. போலீஸ்காரரைக் கண்டதும் பெட்ரோல் டாங்க்கின் மேலிருந்து அவசரமாக எடுத்து, வாரை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் வஸ்து, அந்தப்படி பார்த்தால், சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட்டே அல்ல.

(தொடரும்)