மவுசாக்கலைக் கெண்டை

தமிழ் கற்றோருக்குக் கெண்டை புதிய மீன் அன்று. கயல் என்றும் சேல் என்றும் கெண்டை என்றும் மாறி மாறி அழைத்து, மகளிர் கண்ணுக்கு உவமையாக்கி, பாண்டியன் கொடியிலும் மீனை ஏற்றி வைத்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் வகுப்பறையிலே துள்ளும் அந்தக் கயலுக்கும், மலைநாட்டு நீர்த்தேக்கத்தின் அடியிலே சேறு கிளறித் திரியும் மீனுக்கும் உறவு சற்றுத் தூரமானதே. முன்னையதை முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறேன். பின்னையதை அருகிருந்து காணும் வாய்ப்பு, சென்ற ஐப்பசியில் மஸ்கெலியாவிலே ஆசிரியராயிருக்கும் என் பழைய மாணாக்கரைப் பார்க்கப் போன இடத்திலே கிட்டிற்று.

மவுசாக்கலை அணை, மஸ்கெலி ஓயாவை மறித்து 1960களின் பிற்பகுதியிற் கட்டப்பெற்றது. ஏறத்தாழ 40 மீற்றர் உயரமுடையது. கடல் மட்டத்துக்கு 1,100 மீற்றருக்கும் மேலே, தேயிலை மலைகளின் நடுவே, மின்சாரத்துக்காகத் தேக்கிவைத்த நீர் அது. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பாதை அதன் கரையை ஒட்டி வளைந்து செல்கின்றது. டிசெம்பர்ப் பூரணையுடன் யாத்திரிகர் வரத் தொடங்குவர். ஐப்பசியிலோ பாதை வெறிச்சோடிக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை நிறைத்துவிட்டுப் போன நீர் கரை முட்டி நிற்கும். காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் இடியோடு மழை வரும்.

அந்த நீரின் கீழே ஓர் ஊர் இருக்கின்றது. அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் கடைத்தெருவோடு மூழ்கிற்று. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் உடன் மூழ்கின. மக்களுக்கு மேட்டிலே புதிய நகரம் அமைத்துக் கொடுத்தார்கள். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் வெளியே தெரியும். அவற்றைக் காண்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என வகுத்தனர் நம் முன்னோர். ஐரோப்பியரின் இலையுதிர்காலம் ஏறக்குறைய இதே நாள்களில் வருவது. அங்கே ஆழமான ஏரிகளில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கி அடிநீரோடு கலக்கும். வரப்போகும் குளிருக்காகக் கெண்டை அப்போது நிறையத் தின்று கொழுப்பேற்றிக் கொள்ளும். கடுங்குளிர் வந்தபின் உணவை மறந்து ஆழத்திலே கிடக்கும். நம் மலைநாட்டில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் கூதிர் மழை ஓடைகளைப் பெருக்கிப் புழுவும் பூச்சியும் அடித்துக்கொண்டு வருவதால், கெண்டை ஓடை வாய்களை நாடி வருகின்றது என்றார் என்னை அழைத்துச் சென்ற பெரியவர். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், எழுபதை நெருங்குபவர். அவர் பேச்சிலே நூலறிவின் வாடை சிறிதும் இல்லை, பிழையும் இல்லை.

மூங்கில் தடி, தங்கூசி, ஈயக் குண்டு, தக்கையாற் செய்த மிதப்பு, பிசைந்த கோதுமை மா உருண்டை: இவ்வளவே அவருடைய ஆயுதங்கள். நான் புலால் விலக்கிய குடியிற் பிறந்தவன். தூண்டிலைத் தொடவில்லை, பக்கத்துப் பாறையில் அமர்ந்துகொண்டேன். செருப்பைப் பாறையில் தட்டிச் சேற்றை உதிர்த்தபோது அவர் கையமர்த்தினார்.

"சத்தம் வேணாங்க ஐயா. அவனுக்குக் காது ரொம்பக் கூர்மை."

உண்மைதான். கெண்டையினத்தில் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே சிறு எலும்புகள் தொடர்ச்சியாய் அமைந்து ஒலியைக் கடத்துகின்றன. அதன் உடலமைப்பில் வியப்புகள் இன்னும் உண்டு. தாடையிலே பல் இல்லை. பல் தொண்டையில் இருக்கின்றது. இரைப்பையே கிடையாது, அதனால் ஒரே வேளையில் வயிறு புடைக்கத் தின்று ஓய்வதற்கு வழியில்லாமல், நாள் முழுதும் சிறிது சிறிதாக உண்டு திரிய வேண்டியிருக்கின்றது. வாயோரத்தில் இரண்டு இணை மீசைகளால் சேற்றைத் தடவி, உதட்டை நீட்டி உறிஞ்சி, வேண்டாததைத் துப்பிவிடும். இரையையும் அப்படியே உறிஞ்சித் துப்பிப் பார்ப்பதால், மிதப்பு அசைந்தவுடன் தடியைத் தூக்குபவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

இந்த மீன் நம் நாட்டுக்கு உரியதும் அன்று. தன்யூப் நதிக்கரையிலும் சீனத்திலும் பழக்கப்பட்டு, ஐரோப்பியத் துறவிகளின் மடத்துக் குளங்களில் வளர்ந்து, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இலங்கைக்கு வந்தது. முட்டைகளை நீர்ச்செடிகளில் ஒட்டிவைப்பது இதன் வழக்கம். மின்சாரத்துக்காக ஏறியிறங்கும் நீரில் அம்முட்டைகள் கரையிலே காய்ந்து போகவும் கூடும்; ஆகவே குஞ்சு விடும் கையையும் எதிர்பார்த்தே இது வாழ்கின்றது. 1990ஆம் ஆண்டில் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கிற்று. கொல்லாமையை நானும் போற்றுபவன்தான்; ஆனால் ஏழையின் சட்டியிலிருந்து அதனைத் தொடங்குவது எவ்வகை அறமோ!

நெடுநேரம் சென்றது. நீர்மேல் சிறு குமிழிகள் வரிசையாய் எழுந்தன. மிதப்பு நடுங்கிற்று, படுத்தது, பிறகு சாய்வாக நழுவி மறைந்தது. அப்போதுதான் அவர் தடியை உயர்த்தினார். தடி வில்லாக வளைந்தது. மீனை இழுக்கவுமில்லை, விடவுமில்லை. அது போன திசையெல்லாம் கரையோரமாக நடந்தார். கால்மணி நேரத்தின் பின் பித்தளை நிறச் செதிள்களோடு கரையேறிய மீன் மூன்று கிலோவுக்குக் குறையாது.

"இந்த இடத்தில்தான் எப்போதும் கிடைக்குமோ?" என்றேன்.

"இது பழைய ரோட்டுங்க. இப்படியே எறங்கித் தண்ணிக்குள்ள போகுது. மீனும் ரோட்டைப் பிடிச்சுத்தான் வரும். சின்னப் பிள்ளையில அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் இதுலதான் கடைக்குப் போவேன்."

நீர் ஏறியபோது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. நீர்ப்பரப்பைக் கையாற் காட்டி, கடைத்தெரு, பள்ளிவாசலடி, கோயிலடி என்று ஒவ்வோரிடமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு எங்கும் ஒரே நீலமாகவே தெரிந்தது. அவருடைய தகப்பனார் இறக்கும்வரை இந்த நீரின் மீனை உண்ணவில்லையாம். சாமி இருந்த தண்ணீர் என்பாராம்.

"நீங்கள்?"

"நான் சாப்பிடுறேன் ஐயா. பேரப்புள்ளைங்களும் சாப்பிடுதுங்க. ஆனா கோயிலடிப் பக்கம் தூண்டில் போடுறதில்ல."

மலைமுடிகளின்மேல் முகில் கறுத்து இடி முழங்கிற்று. அவர் தங்கூசியைச் சுற்றிவைத்து, மீனைப் பையிலிட்டார்.

"மாசி பங்குனியில வாங்க. தண்ணி நல்லா வத்துச்சின்னா கோயில் தெரியும். உள்ள கூட்டிட்டுப் போறேன். அப்ப நான் தூண்டில் எடுக்கிறதில்ல."