செவி அறியும் சூறாவளி

காற்றுக்கும் எடை உண்டு. நம் தலைக்குமேல் பரந்து கிடக்கும் வளிமண்டலம், கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தை ஓயாது சுமத்துகின்றது. ஆயினும் நாம் அப்பாரத்தைச் சிறிதும் உணர்வதில்லை. உடலினுள் அடங்கிய காற்றும் நீர்மங்களும் அதே அளவு அழுத்தத்துடன் வெளிநோக்கி எதிர்த்து நிற்பதே இதற்குக் காரணமாகும். வெளியிலுள்ள அழுத்தம் விரைந்து குறையுமாயின் உடலுக்கு என்ன நேரும்? அட்லாண்டிக் பெருங்கடலின் மேலைக்கரையில் வாழ்வோர் பலர் இவ்வினாவிற்குத் தம் உடலாலேயே விடை கண்டுள்ளனர்.

அக்கடற்பகுதியில் எழும் பெரும்புயலை ‘ஹரிக்கேன்’ என்பர். கரிபியன் தீவுகளின் தொல்குடியினர் மொழியிலிருந்து ஸ்பானியர் வாயிலாக உலகெங்கும் பரவிய சொல் அது. நாம் அதனைச் சூறாவளி என்கின்றோம். சூறை என்னும் சொல்லுக்குச் சுழல்காற்று என்பது ஒரு பொருள். கொள்ளை என்பது மற்றொரு பொருள். இரண்டும் இதற்குப் பொருந்துதல் காண்க.

சூறாவளியின் நடுப்பகுதியில் வெம்மையும் ஈரமும் மிக்க காற்று மேலெழுந்து, உச்சியில் நாற்புறமும் பரவிச் செல்கின்றது. ஆதலின் கீழே அழுத்தம் குறைகின்றது. கடல்மட்டத்தில் இயல்பான அழுத்தம் 1013 மில்லிபார். பாரமானியில் 760 மில்லிமீட்டர் பாதரச உயரம். 1935 செப்டம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்கோடித் தீவுகளைத் தாக்கிய புயலில் அழுத்தம் 892 மில்லிபாராகத் தாழ்ந்தது. பாதரசத்தின் கணக்கில் இது 91 மில்லிமீட்டர் வீழ்ச்சி. அப்புயலில் 400 பேருக்குமேல் மாண்டனர்.

இவ்வீழ்ச்சி உடலைப் பிளந்துவிடும் என்று எண்ணற்க. உயரம் ஏறினாலும் அழுத்தம் குறையும் என்பது நீங்கள் அறிந்ததே. 1935ஆம் ஆண்டுப் புயலின் வீழ்ச்சி, ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு ஒப்பாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்வோர் 1500 மீட்டர் ஏறுகின்றனர். ஆகவே, மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது காது அடைத்துத் திறப்பதை உணர்ந்த மாணவர் எவரும், அப்புயல் கொணர்ந்ததைவிடப் பெரிய மாறுதலைத் தாங்கியவரே ஆவர். மலையில் நாமே குறைந்த அழுத்தத்தை நாடிச் செல்கின்றோம். புயலிலோ, அடைத்த கதவின் பின்னே இருளில் அமர்ந்திருப்பவரை, அவர் இருக்கும் வீடே சுமந்துகொண்டு மலையேறுவது போன்ற நிலை உண்டாகின்றது.

இம்மாறுதலை முதலில் அறிவது செவி. செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்னும் சிறு அறை உள்ளது. அவ்வறையில் காற்று நிறைந்திருக்கும். அதிலிருந்து தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு நுண்குழல் செல்கின்றது. அதனை ஊஸ்டேஷியன் குழல் என்பர். இக்குழல் பெரும்பாலும் மூடியே கிடக்கும்; விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும். வெளியழுத்தம் குறையுங்கால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து செவிப்பறையை வெளிப்புறமாகத் தள்ளுகின்றது. 80 மில்லிபார் வேறுபாடு ஏற்படின், அச்சிறு பறையின்மீது ஏறத்தாழ 50 கிராம் எடையின் தள்ளுதல் விழும். ஒலிகள் மங்குகின்றன, காதில் பஞ்சு அடைத்தாற்போன்ற உணர்ச்சி தோன்றுகின்றது. பின்னர் உள்ளிருக்கும் காற்று குழலைத் திறந்துகொண்டு ‘பட்’டென்று வெளியேற, செவி தெளிகின்றது. 1992 ஆகஸ்டு 24ஆம் நாள் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ என்னும் புயலில் அழுத்தம் 922 மில்லிபாருக்கு இறங்கிற்று. அதில் உயிர்பிழைத்தோர் தம் காதுகள் இவ்வாறு அடைத்துத் திறந்ததைச் சொல்லியிருக்கின்றனர்.

அழுத்தம் மீண்டும் ஏறும்பொழுதுதான் செவிக்குத் துன்பம் மிகுதி. காற்று அக்குழல் வழியே வெளியேறுதல் எளிது; உட்புகுதல் அரிது. செவிப்பறை உட்புறமாக அழுந்தி வலிக்கும். எச்சிலை விழுங்கினாலன்றி வலி நீங்காது. சளி பிடித்தவர் பாடு இன்னும் பெரிது.

மூச்சு முட்டுதல் பற்றிச் சிலர் கூறுவர். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையினும் நலமுடையோர்க்கு மூச்சு முட்டாது. அவ்வேளையில் நெஞ்சை அடைப்பது பெரும்பாலும் அச்சமும் புழுக்கமுமே. மூட்டுவலியைப் பற்றியும் உலகில் பெருவழக்கு ஒன்று உண்டு. ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. என் முழங்கால்கள் மழைக்கு முன்னரே பேசத் தொடங்கிவிடும் என்று என் வீட்டார் நகைப்பர். அதனைச் சான்றாகக் கொள்ளல் வேண்டா.

அழுத்தக் குறைவைப் பற்றிய ஒரு பிழைக்கருத்து உயிருக்கே கேடு விளைப்பது. வீட்டினுள் அடைபட்ட காற்று விரிந்து வீட்டை வெடிக்கச் செய்யும். ஆதலின் புயலின்போது சன்னல்களைச் சிறிது திறந்து வைத்தல் வேண்டும் என்று அமெரிக்காவில் பலர் நெடுங்காலம் நம்பினர். வீடு மூடிய குடுவை அன்று. கதவிடுக்கு, கூரையிடுக்கு, சுவர்த்துளை ஆகியவற்றின் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். உள்ளழுத்தமும் வெளியழுத்தத்தோடு ஒக்கக் குறைந்துவரும். திறந்த சன்னல் வழியே புகும் பெருங்காற்றோ கூரையைக் கீழிருந்து நெம்புகின்றது. மேலே விரைந்தோடும் காற்றும் அதனை மேல்நோக்கி இழுக்கின்றது. கூரை பறந்தபின் சுவர் நிற்பது அரிது. சன்னல்களை இறுக மூடி வைத்தலே முறை என்று அந்நாட்டு வானிலைத் துறையினர் இன்று வற்புறுத்திக் கூறுகின்றனர்.

இதனினும் கொடிய மயக்கம் ஒன்று உண்டு. சூறாவளியின் நடுவே காற்று ஓய்ந்த வட்டம் ஒன்று இருக்கும். அதனைப் புயலின் கண் என்பர். அழுத்தம் மிகமிகக் குறைந்திருப்பது அவ்விடத்தில்தான். 1926 செப்டம்பர் 18ஆம் நாள் காலையில், மயாமி நகரின்மேல் அத்தகைய கண் ஒன்று வந்து நின்றது. நிலவணிகம் செழித்திருந்த அக்காலத்தில் அந்நகருக்குப் புதிதாய்க் குடியேறியோர் பலர். சூறாவளியை அவர்கள் கண்டதில்லை. இரவெல்லாம் அலறிய காற்று திடீரென அடங்கியதும் புயல் ஒழிந்தது என மகிழ்ந்து தெருவில் இறங்கினர். கடலோரப் பகுதியிலிருந்து நகருக்குச் செல்லும் நெடும்பாலத்தில் சிலர் ஊர்திகளில் புறப்பட்டனர். அந்நேரத்தில் பாரமானியில் பாதரசம் 701 மில்லிமீட்டருக்குத் தாழ்ந்திருந்தது. கண் கண்டது அமைதி. செவிப்பறையும் பாதரசமும் அறிந்தது வேறு. வானிலை நிலையத்தின் தலைவர் ரிச்சர்ட் கிரே என்பார், மீண்டும் உள்ளே செல்லுமாறு மக்களை நோக்கிக் கூவினார். ஏறத்தாழ 35 நிமிடங்களே அவ்வமைதி நீடித்தது. பின்னர் வேறு திசையிலிருந்து, முன்னினும் கடுமையாகக் காற்று வீசிற்று. விரிகுடா நீர் பொங்கித் தெருக்களில் ஏறிற்று. பாலத்தில் சென்றோருட் பலர் கரை சேரவில்லை.