குரல் வாக்கெடுப்பும் கொறடா உத்தரவும்: உங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்?

புதுடெல்லி: நாடாளுமன்றத்தில் முக்கிய மசோதா ஒன்று நிறைவேறியவுடன், அதனை ஆதரித்தும் எதிர்த்தும் நாட்டு மக்கள் கருத்துத் தெரிவிக்கத் தொடங்கிவிடுகின்றனர். தங்கள் தொகுதி உறுப்பினர் எப்பக்கம் வாக்களித்தார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. ஆனால், பல மசோதாக்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கான விடை அவைக் குறிப்பில் இடம்பெறுவதே இல்லை. வாக்கெடுப்பு நடத்தப்படும் முறையே அதற்குக் காரணம்.

குரல் வாக்கெடுப்பு என்றால் என்ன?

அவைக்கு வந்து வாக்களிக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மையே முடிவைத் தீர்மானிக்கும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு. அவையை நடத்துபவர், வாக்குகள் சமமாகப் பிரியும்போது மட்டுமே வாக்களிப்பார்.

மசோதா வாக்கெடுப்புக்கு விடப்படும்போது ஆதரிப்போர் 'ஆம்' என்றும், எதிர்ப்போர் 'இல்லை' என்றும் குரல் எழுப்புவர். எந்தக் குரல் ஓங்கியது என்பதைக் கணித்து, அவையை நடத்துபவர் முடிவை அறிவிப்பார். இதில் எண்ணிக்கையும் இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. பெரும்பாலான மசோதாக்கள் இம்முறையிலேயே நிறைவேறுகின்றன. 2025 ஆகஸ்டில் இணையவழி விளையாட்டுகள் தொடர்பான மசோதா, எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே அடுத்தடுத்த இரு நாள்களில் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

பெயர்கள் எப்போது பதிவாகும்?

குரல் வாக்கெடுப்பின் முடிவை ஏற்காத உறுப்பினர், வாக்குகளை எண்ணுமாறு கோரலாம். 'டிவிஷன்' எனப்படும் இம்முறையில் உறுப்பினர்கள் மின்னணுப் பொத்தானை அழுத்தியோ, சீட்டில் குறித்தோ வாக்களிப்பர். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது பெயருடன் அவைக் குறிப்பில் பதிவாகும்.

வக்ஃப் திருத்த மசோதா மீது 2025 ஏப்ரலில் இவ்வாறு வாக்கெடுப்பு நடைபெற்றது. மக்களவையில் 288 பேர் ஆதரவாகவும் 232 பேர் எதிராகவும், மாநிலங்களவையில் 128 பேர் ஆதரவாகவும் 95 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இம்மசோதாவை ஏற்பவரும் மறுப்பவரும் தத்தம் உறுப்பினரின் நிலைப்பாட்டை ஐயமின்றி அறிய முடிந்தது.

வேளாண் மசோதாக்களின் கதை வேறு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் டிவிஷன் கோரினர். உறுப்பினர்கள் தத்தம் இருக்கையிலிருந்து கோரவில்லை எனக் கூறப்பட்டு, இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டன. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கும் மேலான விவசாயிகள் போராட்டத்துக்குப் பின், 2021 நவம்பர் 29 அன்று மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறும் மசோதா மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. அதுவும் குரல் வாக்கெடுப்பே. நாட்டையே உலுக்கிய சட்டங்கள் மாநிலங்களவையில் நிறைவேறியபோது யார் எப்பக்கம் நின்றார் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது.

அரசமைப்புத் திருத்தத்துக்குத் தனி விதி

அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா நிறைவேற, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. ஆகவே இங்கு எண்ணிக்கை கட்டாயமாகிறது. 2023-இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை மக்களவையில் 454 பேர் ஆதரித்தனர்; இருவர் மட்டுமே எதிர்த்தனர்.

அறிமுக நிலைக்கு இந்த நிபந்தனை இல்லை. 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகம் செய்ய 269 பேர் ஆதரவும் 198 பேர் எதிர்ப்பும் தெரிவித்தனர். அறிமுகத்துக்கு இது போதுமானது. ஆனால், அன்று வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்பது 312. இதே நிலை நீடித்தால் மசோதா நிறைவேறாது.

வாக்கு யாருடையது?

பெயர் பதிவானாலும் அந்த வாக்கு உறுப்பினரின் சொந்த முடிவுதானா என்ற கேள்வி எஞ்சுகிறது. 1985-ஆம் ஆண்டின் 52-ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விலகினாலோ பதவி பறிபோகலாம். கட்சி முன் அனுமதி அளித்திருந்தாலோ, 15 நாள்களுக்குள் மன்னித்தாலோ மட்டுமே தப்பலாம்.

1999-இல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அத்தகைய நெருக்கடியில் கட்சிக் கட்டுப்பாட்டின் தேவையை மறுக்க இயலாது. எனினும், அதே கட்டுப்பாடு எல்லா மசோதாக்களுக்கும் வேண்டுமா என்பதே விவாதம். சட்டத்தின் செல்லுபடியை 1992-இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்த விவகாரங்களுக்கும் மட்டும் இத்தடையைப் பொருத்துவது நலம் எனக் கருதியது. மணீஷ் திவாரி 2010-இல் இதே நோக்கில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டம் மாறவில்லை.

விதிவிலக்குகள் அரிதாக உண்டு. வக்ஃப் மசோதா மீதான வாக்கெடுப்பில் பிஜு ஜனதா தளம் கொறடா உத்தரவு பிறப்பிக்காமல், மாநிலங்களவை உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என அறிவித்தது.

குடிமக்கள் செய்யக்கூடியது என்ன?

டிவிஷன் நடைபெற்ற மசோதாவாயின், நாடாளுமன்ற இணையதளத்தில் வெளியாகும் அவை நடவடிக்கைக் குறிப்பில் பெயர்ப் பட்டியலைக் காணலாம். இரு தரப்பிலும் ஒருவரின் பெயர் இல்லையெனில், அவர் வரவில்லையா, வாக்களிக்காமல் விலகினாரா எனக் கேட்கலாம். குரல் வாக்கெடுப்பாயின், விவாதத்தில் அவர் பேசியதும், தொகுதி மக்களின் நேரடிக் கேள்விக்கு அவர் அளிக்கும் பதிலுமே சான்று.

வாக்காளர் அளிக்கும் வாக்கு இரகசியமானது. அவரது அச்சமின்மைக்காக அது காக்கப்படுகிறது. அவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவையில் அளிக்கும் வாக்குக்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை. அது மக்கள் சார்பில் அளிக்கப்படுவதால், மக்களுக்குத் தெரிந்திருப்பதே முறை.