பங்குனியில் கிளம்பும் சூறைக்குருவி

புழக்கடை வேலியில் கல்யாண முருங்கை பூத்துட்டா, காலை ஆறரைக்கே ஒரே இரைச்சல். மைனா அளவு, தலை, இறக்கை, வால் கறுப்பு, முதுகும் வயிறும் ரோஜா நிறம். சூறைக்குருவி, சோளப்பட்சின்னும் சொல்வாங்க. தையில் மங்கிக் கிடந்த நிறம் பங்குனியில் பளிச்சென்று தெரியும். தேன் குடித்துவிட்டு மத்திய ஆசியப் புல்வெளிக்குக் கிளம்பிவிடும். குஞ்சு பொரிப்பது அங்கேதான்.

தையில் கூட்டமாக இறங்கிக் கதிரைக் காலி பண்ணியபோது தகரம் தட்டி விரட்டியவன்தான் நான். நஷ்டம் நஷ்டம்தான். ஆனால், அறுவடை முடிந்த காட்டில் அதே கூட்டம் வெட்டுக்கிளியைப் பொறுக்கித் தின்றதையும் பார்த்தேன். இப்போது பால் பிடிக்கும் பருவத்தில் மட்டும் காவல். வரப்போரம் இரண்டு சால் சோளம் அதுகளுக்கு. புழக்கடையில் ஒரு மண்சட்டித் தண்ணீர். நேற்று அதில் பன்னிரண்டு குளித்தன.

"குருவிக்கா வெள்ளாமை பண்றே?" என்று அப்பா இன்னும் கேட்கிறார்.